சொல் வேண்டும்: பந்தயம் முடிந்த குதிரையின் இரண்டாம் பணி

க. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நார்தர்ன் டான்சர் என்ற குதிரையின் வரலாற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியர் கைக்குப் போக வேண்டும்.

பந்தயப் பகுதி தடையின்றி வந்துவிட்டது. 1961 மே 27 அன்று கனடாவின் ஒஷாவாவில், விண்ட்ஃபீல்ட்ஸ் பண்ணையில் பிறப்பு. ஒரு வயதில் 25,000 டாலர் விலை சொன்னார்கள். குட்டையாக இருக்கிறது என்று எவரும் வாங்கவில்லை. பண்ணைக்காரர் ஈ. பி. டெய்லரே வைத்துக்கொண்டார். 1964இல் அமெரிக்காவின் பெரும்பந்தயமான கென்டக்கி டெர்பியை இரண்டே நிமிடத்தில் ஓடி முடித்தது, அன்றைக்கு அது சாதனை. பிரீக்னஸிலும் வெற்றி. பெல்மாண்டில் மூன்றாமிடம். பிறகு தாய்நாட்டில் குயின்ஸ் பிளேட். மொத்தம் 18 ஓட்டத்தில் 14 வெற்றி, முதல் மூன்று இடத்துக்கு வெளியே ஒருமுறையும் போகவில்லை. முன்னங்காலின் தசைநாண் பழுதுபட்டதோடு ஓட்டம் நின்றது.

அதன்பின் 1965 முதல் 1987 வரை பெட்டைகளோடு சேர்த்துக் கன்று பெருக்கியதைத்தான் எழுத முடியவில்லை. மூலத்தில் ‘ஸ்டட்’ என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். ‘இனப்பெருக்க வாழ்க்கை’ என்று எழுதினேன், விலங்கியல் பாடம்போல இருக்கிறது. ஸ்டட், ஸ்டட் ஃபீ (சேர்ப்பதற்கு வாங்கும் கட்டணம்), சயர் (தந்தைக் குதிரை), டாம் (தாய்க் குதிரை), டாம்சயர் (தாயின் தந்தை) ஆகிய ஐந்துக்கும் வழி சொல்லுங்கள்.

ச. எழுதியது:

கால்நடை மருத்துவனாகச் சொல்கிறேன், புதிதாக ஆக்க வேண்டியதில்லை. இனம் பெருக்க விடும் ஆணைப் பொலிகாளை, பொலிகிடா என்று நாள்தோறும் எழுதுகிறோம். அப்படியே பொலிகுதிரை, பொலிப்பணி. ஸ்டட் ஃபீக்குச் சேர்க்கைக் கட்டணம்.

ஒன்றில் கவனம் வேண்டும் அம்மா. மாட்டைப் பற்றி எழுதும் பழக்கத்தில் ‘கருவூட்டல்’ என்று போட்டுவிடாதீர்கள். தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் பதிவேட்டில் நேரடிச் சேர்க்கையில் பிறந்த கன்றுக்கு மட்டும்தான் இடம். ஊசிவழிக் கருவூட்டலை அவர்கள் ஏற்பதில்லை. ஆகவே ஒரு பொலிகுதிரை ஒரு பருவத்தில் இத்தனை பெட்டையோடுதான் சேர முடியும் என்று உடலே வரம்பு வைக்கிறது. நார்தர்ன் டான்சரின் கட்டணம் தொடக்கத்தில் 10,000 டாலர், 1980களின் நடுவில் பத்து லட்சம் டாலர்வரை ஏறியது. அதுவும் சினை நிற்கும் என்ற உறுதி எதுவும் இல்லாமல். இந்த வரம்பு தெரியாமல் அந்தத் தொகை வாசகருக்கு விளங்காது.

மு. எழுதியது:

பொலி நல்ல சொல். ஆனால் குதிரைக்கென்றே தொல்காப்பியர் தந்த சொல் இருக்க, காளையிடம் கடன் கேட்பானேன்? மரபியலில் ‘குதிரையுள் ஆணினைச் சேவல் என்றலும்’ என்று தெளிவாகவே இருக்கிறது. பெண்ணுக்கு ‘ஒட்டகம் குதிரை கழுதை மரையிவை பெட்டை’. இளமைக்கு ‘யானையும் குதிரையும் கழுதையும் கடமையும் ஆனோடு ஐந்தும் கன்று’. சேவல், பெட்டை, கன்று என ஒரு குடும்பமே நம்மிடம் இருக்கிறது. சயர் என்பது சேவல், டாம் என்பது பெட்டை. இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

தா. எழுதியது:

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். ‘டெர்பி வென்ற சேவல்’ என்று அச்சில் வந்தால் இன்றைய வாசகர் கோழியைத்தான் நினைப்பார். கலைச்சொல் படிப்பவரை நிறுத்தக் கூடாது. ‘பெட்டை’க்கும் இதே இடர் உண்டு. ஈழத்தில் அது சிறுமியைக் குறிக்கும் அன்றாடச் சொல், இங்கே அதையே திரித்து வசவாக்கி வைத்திருக்கிறார்கள். ‘பெண்குதிரை’ போதாதா? என்னைக் கேட்டால் ‘ஸ்டட் பண்ணை’ என்றே எழுதலாம். பந்தயம் பார்ப்பவர்களுக்கு அது பழகிய சொல்தான்.

மு. எழுதியது:

சேவல் பறவைக்கு உரியது என்பதைத் தொல்காப்பியரே அறிவார். ‘சேவற் பெயர்க்கொடை சிறகொடு சிவணும்’ என்று பொதுவிதி சொல்லிவிட்டுத்தான் குதிரைக்குத் தனியே இடம் தருகிறார். சிறகில்லாத ஒன்றை அந்த வரிசையில் ஏன் சேர்த்தார்? குதிரையின் கதி பறத்தலுக்கு நிகர் என்று கண்டதால் என்பது என் துணிபு. இன்னொரு வழியும் பார்க்கிறேன். ஆண்பாற் பெயர்களுள் ‘சே’ என்பதும் ஒன்று. சே என்ற அடியே வளர்ந்து சேவலாகியிருந்தால், அது சிறகுக்கு முந்திய, ஆண்மை என்ற பொதுப்பொருளுடைய சொல்லாகிவிடும். குதிரையின் பழம்பெயர்களான புரவி, பரி, இவுளி மூன்றையும் இதோடு வைத்து நோக்க வேண்டும். இவுளி என்பதை ‘இவர்தல்’ என்பதிலிருந்து கொள்ளலாம், இவர்தல் ஏறுதல் அல்லவா? ஏறிச் செல்லப்படுவது இவுளி. பரிதல் ஓடுதல், ஆகவே பரி. ஓட்டத்துக்குப் பரி, ஊர்திக்கு இவுளி, மரபு பெருக்கச் சேவல் என்று வகுத்துக்கொண்டால் க. அம்மையாரின் கட்டுரை முழுவதும் ஒழுங்குபட்டுவிடும்.

இ. எழுதியது:

ஐயா, ‘இவர்’ எப்படி ‘இவுள்’ ஆகும் என்பதற்கு இணையான திரிபு வேறு எங்காவது உண்டா? ஒன்றேனும் காட்டினால்தான் ஒப்புக்கொள்ள முடியும். வகைப்பாடும் உங்கள் விருப்பமே. பாட்டில் இந்தப் பெயர்கள் அப்படிப் பிரிந்து வரவில்லை.

வேறொரு சிக்கலைச் சொல்கிறேன். உறவுப் பெயர்களைத் தொட்டாக வேண்டும். நார்தர்ன் டான்சருக்கு அறுநூறுக்கு மேற்பட்ட கன்றுகள். தந்தை ஒன்று என்பதற்காக அவற்றைச் சகோதரர் என்று பந்தய உலகம் அழைப்பதில்லை. தாய் ஒன்றானால்தான் உடன்பிறப்பு. நம் ‘சகோதரர்’ இதற்கு அப்படியே பொருந்துகிறது. சக உதரம், ஒரே வயிறு.

மு. எழுதியது:

வடசொல் எதற்கு? ‘பிறப்போ ரன்ன உடன்வயிற் றுள்ளும்’ என்று புறநானூறு 183இல் இருக்கிறதே. உடன்வயிறு என்றே எழுதுங்கள். இவுளிக்குச் சான்று பிறகு தருகிறேன்.

இ. எழுதியது:

உடன்வயிறு அருமை. இதற்கு முன் தோன்றாமல் போயிற்று.

அப்படியானால் அடுத்ததையும் தீர்த்துவிடுவோம். நார்தர்ன் டான்சருக்கும் ஃப்ளேமிங் பேஜ் என்ற பெட்டைக்கும் பிறந்தது நிஜின்ஸ்கி, 1970இல் இங்கிலாந்தின் மும்முடியை, அதாவது மூன்று பெரும்பந்தயங்களையும், வென்றது. அதே ஃப்ளேமிங் பேஜ் வேறொரு குதிரைக்கு ஈன்ற மகள் ஃப்ளூர். அந்த ஃப்ளூர் நார்தர்ன் டான்சருக்கு ஈன்றது மின்ஸ்ட்ரல், 1977இன் எப்சம் டெர்பி வெற்றியாளர். மின்ஸ்ட்ரலுக்கு நிஜின்ஸ்கி யார்? ‘முக்கால் சகோதரர்’ என்று ஒரு பின்னத்தில் முடித்துவிடுகிறார்கள். நம் முறையில் சொன்னால் இன்னும் துல்லியம்: தந்தை வழியில் தமையன், தாய் வழியில் தாய்மாமன்.

தா. எழுதியது:

கட்டுரையில் அதை ஒரு வாக்கியமாக விளக்கலாம். சொல்லாக ஆக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

வ. எழுதியது:

தரோபிரெட்டை யாரும் தொடவில்லையே. செய்தித்தாள்கள் ‘உயர்சாதிக் குதிரை’ என்றே எழுதுகின்றன. அந்தச் சொல்லை இந்தக் குழுவாவது கைவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒரு விலங்கைப் புகழ அந்த ஏணியை எடுத்து வைக்கும்போது நாம் வேறு எதையோ சேர்த்துப் புகழ்கிறோம். ‘தூய இனம்’ என்பதும் பிழை. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்று கிழக்கிலிருந்து போன மூன்று ஆண்குதிரைகளும் இங்கிலாந்தில் இருந்த பெட்டைகளும் கலந்து உண்டானது இது. கலப்பில் பிறந்து, 1791 முதல் ஏட்டில் பதிந்து காக்கப்படும் ஓர் இனம். அதன் பெயர் தரோபிரெட். பெயரைப் பெயராகவே விடுங்கள்.

ச. எழுதியது:

வ. சொன்னதற்கு என் முழு ஒப்புதல்.

பொலிக்குத் திரும்புகிறேன். எனக்கு அது பிடிக்கக் காரணம் பழமை அல்ல. அது வினையாக நடக்கிறது. 1983இல் கீன்லேண்ட் ஏலத்தில் நார்தர்ன் டான்சரின் ஒரு வயதுக் கன்று ஒன்று 1 கோடியே 2 லட்சம் டாலருக்குப் போனது, பெயர் ஸ்னாஃபி டான்சர். அது ஒரு பந்தயமும் ஓடவில்லை. பிறகு பண்ணையில் விட்டார்கள், அதன் வழியில் நான்கே கன்றுகள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? ‘ஓடவும் இல்லை, பொலியவும் இல்லை.’ சேவலிலும் ஸ்டட்டிலும் இந்த வாக்கியம் வராது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். நார்தர்ன் டான்சர் அடங்காத குதிரை. பயிற்சியாளர் லூரோ அதைக் காயடித்துவிடலாம் என்றார், டெய்லர் மறுத்தார். காயடித்திருந்தால் டெர்பி வென்றிருக்கக்கூடும், பொலிந்திருக்காது. அதன் மகன் சாட்லர்ஸ் வெல்ஸ் இல்லை, அதன் மகன் கலிலியோ இல்லை, அதன் மகன் ஃபிராங்கல் இல்லை. கன்றுகள் வென்ற பரிசுத்தொகைப்படி வரிசையிடும் பிரிட்டன், அயர்லாந்து பட்டியலில் 14 ஆண்டு முதலிடத்தில் இருந்த பொலிகுதிரை சாட்லர்ஸ் வெல்ஸ், 12 ஆண்டு இருந்தது கலிலியோ. ஃபிராங்கல் 14 ஓட்டத்தில் 14 வெற்றி. இத்தனையும் அந்த ஒரு மறுப்பில் தொங்குகிறது. ஓடுவது ஒரு வாழ்வு, பொலிவது இன்னொரு வாழ்வு என்று வாசகருக்குப் புரிய வேண்டும்.

தா. எழுதியது:

நகரத்துப் பிள்ளைகளுக்குப் பொலி என்றால் பொலிவுதான், அழகான குதிரை என்று படிப்பார்கள். ஆனாலும் ‘ஓடவும் இல்லை, பொலியவும் இல்லை’ என்பதைக் கேட்டபின் பிடிவாதம் பிடிக்க மனமில்லை. முதல் இடத்தில் ‘கன்று ஈனச் செய்யும் பொலிகுதிரை’ என்று விரித்து எழுதுங்கள். அடுத்த இடத்திலிருந்து தனியே நிற்கட்டும்.

இ. எழுதியது:

டாம்சயருக்குத் தாய்வழிப் பாட்டன் போதும். அந்தச் சொல் இன்றி ஸ்டார்ம் கேட் என்ற குதிரையை அறிமுகப்படுத்தவே முடியாது. தந்தைவழிப் பாட்டன் நார்தர்ன் டான்சர், தாய்வழிப் பாட்டன் செக்ரடேரியட். 1973இல் அந்த இரண்டு நிமிடச் சாதனையை முறியடித்த அதே செக்ரடேரியட். அதன் மகன்களைவிட மகள்களின் கன்றுகளே பெரும்பெயர் பெற்றன. சயருக்குத் ‘தந்தைக் குதிரை’ என்பதைவிடத் ‘தாதை’ என்று சுருக்கலாமா?

க. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை அனுப்பிவிட்டேன். பொலிகுதிரை, பொலிப்பணி, சேர்க்கைக் கட்டணம், தாய்வழிப் பாட்டன், உடன்வயிறு ஆகியவை இடம்பெற்றன. தரோபிரெட் அப்படியே. சயருக்குத் ‘தந்தை’ என்றே போட்டேன், தாதை பாட்டுக்குள் போய்விடுகிறது. பெட்டையை வைத்திருக்கிறேன். ஒரு பெண்ணாகச் சொல்கிறேன், வசவாக்கியவர்களுக்காக அந்தச் சொல்லை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் பொலிப்பணியை ‘ஸ்டட் பணி’ என்று மாற்றக்கூடும். மாற்றினால் எழுதுகிறேன். ஒன்று மட்டும் தீராமல் நிற்கிறது. பெட்டை இசைகிறதா என்று பார்க்க முதலில் ஒரு குதிரையை அருகே விட்டு, பிறகு விலக்கிவிட்டுப் பொலிகுதிரையைக் கொண்டுவருவார்களாம். அதை ‘டீசர்’ என்கிறார்கள். இப்போதைக்கு ‘முன்னோட்டக் குதிரை’ என்று விட்டிருக்கிறேன், நிறைவில்லை.

ச. எழுதியது:

முன்னோட்டம் வேண்டாம், ஓட்டத்தோடு குழம்பும். ‘பருவமறி குதிரை’ என்று பாருங்கள்.

மு. எழுதியது:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆயினும் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். தொல்காப்பியர் அந்தப் பகுதியை முடிக்கும் இடம் ‘கடியலாகா கடனறிந் தோர்க்கே’. குதிரையைச் சேவல் என்பதை விலக்கக் கூடாது என்று வரையறுத்தே சொன்னார், நாம் விலக்கியிருக்கிறோம். டீசருக்கு வருவோம். மருவுதல் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்...