சமஸ்கிருதத்தின் சொந்த எழுத்து தேவநாகரியா?

பாகூர்க்காரன்:
ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஒரு சமஸ்கிருத அறிமுக வகுப்புக்குப் போயிருந்தேன். இலக்கணம் வகுத்த பாணினியின் சுமார் 4000 சூத்திரங்களைப் பற்றி ஆசிரியர் அருமையாகச் சொன்னார். அப்புறம், "இந்த மொழியின் சொந்த எழுத்து தேவநாகரி, நம் பக்கத்தில் இதற்கு எழுத்தே இருந்ததில்லை" என்று ஒரே போடாகப் போட்டார். வயிறு எரிந்தது. அப்படியானால் எங்கள் ஊர்ச் செப்பேடு என்னவாம்? 9ஆம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலம். பாகூர் வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு 3 ஊர்களைக் கொடுத்த சாசனம். சமஸ்கிருத சுலோகங்கள், நம் பக்கத்தில் அந்த மொழியை எழுதிவந்த கிரந்த எழுத்தில், கூடவே தமிழ்ப் பகுதி. நாகரி மருந்துக்கும் இல்லை.

மஞ்சக்குப்பம்வாசி:
அது ஆரம்பப் பாடம் ஐயா. இன்று கடையில் வாங்கும் சமஸ்கிருதப் புத்தகம் எந்த எழுத்தில் இருக்கிறது? அதைத்தான் அவர் சொன்னார். குற்றம் கண்டுபிடிக்கவே போனீர்களா?

பாகூர்க்காரன்:
இன்று அச்சில் இருப்பது வேறு, சொந்த எழுத்து வேறு. காளிதாசன் எந்த எழுத்தில் எழுதினார்? அவர் காலத்தில் நாகரி பிறக்கவே இல்லை. கி.பி. 150ஐ ஒட்டிய மன்னன் ருத்ரதாமனின் கிர்நார் சமஸ்கிருதக் கல்வெட்டு பிராமி என்ற பழைய எழுத்தில் இருக்கிறது. பதில் சொல்லுங்கள்.

வேதபுரியான்:
இது வீண் சண்டை. வேதம் வாய்வழி வந்தது. குறுந்தொகையே அதை 'எழுதாக் கற்பு', அதாவது எழுதாமல் கற்கும் கல்வி என்கிறது. எழுத்து எதுவானால் என்ன?

பாகூர்க்காரன்:
எதுவானாலும் சரி என்பவர்கள் நாகரியை மட்டும் ஏன் பலகையில் எழுதுகிறீர்கள்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் சைவச் சுவடிகள், 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. மொழி பெரும்பாலும் சமஸ்கிருதம், எழுத்து கிரந்தம். ஓலையில் கரி தடவித் துடைத்ததும் கீறிய எழுத்து கறுப்பாக எழும்பும். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். நீங்கள் ஜன்னலுக்குப் போடும் 'ஜ' அங்கிருந்து வந்ததுதான்.

கெடிலக்கரை:
பாகூரையும் புதுச்சேரியையும் விட்டால் வேறு ஊரே இல்லையா? எங்கள் திருப்பாதிரிப்புலியூர்தான் அந்தக் காலப் பாடலி. 458இல் அங்கே லோகவிபாகம் என்ற சமண நூலை எழுதினார்கள். உங்கள் செப்பேட்டுக்கு 400 வருடம் முந்தியது.

வேதபுரியான்:
அந்த நூலைச் சர்வநந்தி எழுதியது பிராகிருத மொழியில், சமஸ்கிருதத்தில் இல்லை. அதைச் சமஸ்கிருதமாக்கிய சிம்மசூரி பிற்பாடு வந்தவர். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

கெடிலக்கரை:
புதுச்சேரிக்காரர்களுக்குக் கடலூர் என்றாலே இளக்காரம். துறைமுகப் பேச்சு வந்தபோதும் இதேதான் செய்தீர்கள். நான் மறக்கவில்லை.

மஞ்சக்குப்பம்வாசி:
பாகூர்க்காரரே, போன மாதம் 'ஸ்ரீ' எழுதலாமா என்ற விவாதத்தில் கிரந்தமே கூடாது என்று குதித்தவர் நீங்கள்தானே? இன்று அதே கிரந்தத்துக்குக் கொடி பிடிக்கிறீர்கள்.

பாகூர்க்காரன்:
தமிழுக்கு வேண்டாம் என்றேன். சமஸ்கிருதத்துக்கு இங்கே அதுதான் எழுத்து என்கிறேன். இதில் என்ன முரண்? பேச்சை மாற்றாதீர்கள். காளிதாசன் எந்த எழுத்தில் எழுதினார்?

மஞ்சக்குப்பம்வாசி:
அவர் 30 வருடமாகப் பாடம் எடுப்பவர். அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

பாகூர்க்காரன்:
தெரியும். அடுத்த ஞாயிறு செப்பேட்டின் படத்தோடு முன் வரிசையில் உட்காரப் போகிறேன். அதில் நாகரி எங்கே இருக்கிறது என்று அவரே விரல் வைத்துக் காட்டட்டும்.