கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே காட்டு நடை: சேலத்திலிருந்து எங்கே போகலாம்?

அடிவாரத்தான் (அஸ்தம்பட்டி):

ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற்காடு ஏறும் கூட்டம் எங்களுடையது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் விட்டுவிட்டு, காப்பித் தோட்டத்து வேலியோரமாக மேலே போய் டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவோம். எங்களில் மூத்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஏறும்போது எங்களுக்கு முன்னால் போகிறார். இறங்கும்போதுதான் முழங்கால் சண்டித்தனம் செய்கிறது. சமதளத்தில் நடக்க ஒரு காடு பாருங்கள் என்று நச்சரிக்கிறார்.

அவருடைய மகன் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சில படங்கள் அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் கழிமுகம், நடுவில் மரம் அடர்ந்த நீண்ட மணல் நிலம், அதற்குள் நடைபாதை. காலையில் அலையோரம் நடந்து, வெயில் ஏறியதும் காட்டுக்குள் புகுந்து, மாலையில் சேற்றுவெளியில் பறவை பார்க்கலாமாம். நம் மாநிலத்தில் இதற்கு ஈடாக ஏதாவது உண்டா? எந்த மாதம் போகலாம், அனுமதி யாரிடம் வாங்க வேண்டும், எந்த ஷூ சரிப்படும், கடற்கரையில் கூடாரம் போட விடுவார்களா? இணையத்தில் தேடினால் 'பார்க்க வேண்டிய 10 இடங்கள்'தான் வருகிறது. நடந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆத்தூர்க்காரன்:

பிச்சாவரம் போங்கள் ஐயா. சேலத்துக்காரர்கள் பார்த்தே ஆக வேண்டிய கழிமுகம் அது. எங்கள் ஊர் வழியாகப் போகும் வசிட்ட நதியும், தம்மம்பட்டி, வீரகனூர் பக்கம் வரும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு. அது பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. பிச்சாவரத்துக்கு வடக்கு எல்லை அந்த முகத்துவாரம். தெற்கு எல்லை கொள்ளிடம். மேட்டூர் நிரம்பி வழிந்தால் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில்தான் போகிறது. ஆக, இரண்டு பக்கமும் நம் மாவட்டத்தைத் தொட்டு வந்த தண்ணீர். எங்கள் பக்கத்தில் வருடத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு, அங்கே போய் அவ்வளவு அகலமாக நிற்பதைப் பார்த்தால் நம்ப முடியாது.

ஆனால் நடை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அது தோதுப்படாது. சுரபுன்னையின் முட்டு வேர்களுக்கு நடுவே வாய்க்கால்தான் பாதை. படகில்தான் போக வேண்டும். கரையோரம் தில்லை மரம் இருக்கும், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம்; கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடிக்கும் பழக்கம் உள்ளவர்களைப் படகின் நடுவில் உட்கார வையுங்கள்.

அம்மாபேட்டை மருமகள்:

நான் பிறந்தது கோடியக்காடு, வாழ்க்கைப்பட்டது அம்மாபேட்டை. அதனால் இரண்டு பக்கத்தாரையும் குறை சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

அடிவாரத்து அண்ணா, நீங்கள் கேட்கிற இடம் கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர் தெற்கே. கிழக்கே வங்கக் கடல். அங்கே கரை ஏறக்குறையச் செங்கோணமாகத் திரும்புகிறது, தெற்கே பாக் நீரிணை. காட்டுக்குப் பின்பக்கம் மேற்கே முத்துப்பேட்டைக் காயல் வரை நீளும் உப்புச் சதுப்பு. காவிரியின் கடைசிக் கிளைகளான கோரையாறும் பாமணியாறும் அந்தக் காயலில்தான் போய் விழுகின்றன. ஆகவே ஆத்தூர்க்காரர் பெருமைப்படுகிற மேட்டூர்த் தண்ணீர், கழனிக்கெல்லாம் பாய்ந்து மிச்சமிருந்தால், எங்கள் பக்கமும் வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலை ஏறுகிறவர்களுக்கு எங்கள் காடு பிடிபட நேரமாகும். சுற்று வட்டாரத்திலேயே உயரமான இடம் ராமர் பாதம் இருக்கும் மணல் மேடு. நாலு மீட்டர் இருந்தால் அதிகம். 5,326 அடி உயரத்திலிருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு நடந்து போய்ப் பழகியவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு உள்ளே வாருங்கள். ஏற்காட்டில் வழி தவறினால் சரிவைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஏதாவது ஊர் வந்துவிடும். எங்கள் பக்கம் 'கீழே' என்று ஒன்றே கிடையாது. மரங்கள் குட்டை, ஆனால் நெருக்கம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. எங்கள் அப்பா காதை வைத்துத்தான் திசை சொல்வார். கிழக்குக் கடல் இரையும். தெற்குக் கடல் பெரும்பாலும் வாய் திறக்காது. இரைச்சல் இடது காதில் கேட்டால் தெற்கே போகிறாய் என்று அர்த்தம். உங்கள் போனில் உள்ள வரைபடத்தைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

காடு என்றதும் சில்வர் ஓக் மாதிரி நெட்டையாக எதிர்பார்க்காதீர்கள். இது உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரம்தான் இங்கே ராஜா. கடலோரத்து மரங்களின் உச்சியை உப்புக் காற்று கருக்கிக்கொண்டே இருப்பதால், கரையருகே இடுப்பளவாகவும் உள்ளே போகப் போக ஆளுயரத்துக்கு மேலாகவும், யாரோ கத்தரித்துவிட்டதுபோல் சரிந்து ஏறும். கோடையில் பாலாப்பழம் பழுக்கும். மஞ்சளாக விரல் நுனி அளவு. இனிப்பு, ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். வேதாரண்யம் கடைத்தெருவில் படியால் அளந்து கொடுப்பார்கள். காட்டுக்குள் பறிக்காதீர்கள், அது சரணாலயம், பழம் குரங்குக்கும் நரிக்கும்.

காடு முடிகிற இடத்தில் புல்வெளி திறக்கும். அங்கேதான் வெளிமான். 1967-ல் சரணாலயம் ஆக்கியதே முக்கியமாக அதற்காகத்தான். முறுக்கிய கொம்போடு கறுத்த கிடா ஒன்று நடுவில் நிற்கும், வெளிர் பழுப்பில் பெட்டைகள் சுற்றி மேயும். கூடவே சொந்தக்காரன் இல்லாத மட்டக்குதிரைகள். புல்வெளிக்கு அப்பால் சதுப்பு. மழை முடிந்த மாதங்களில் பூநாரையும் உள்ளானும் இறங்கியிருக்கும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002-ல் தமிழ்நாட்டிலிருந்து முதலில் சேர்ந்தது இந்த இடம்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது காடு படுத்துவிட்டது. எவ்வளவு மரம், எவ்வளவு மான் என்று சொல்லத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

எந்த மாதம் என்றால், பொங்கல் கழிந்து மார்ச் தொடக்கம் வரை. அதற்கு முன்னால் மழைத் தண்ணீர் தடத்தை மூடியிருக்கும். அதற்குப் பின்னால் வெயில் உங்கள் மூத்தவரை விடாது. அனுமதி வனத்துறையிடம்தான். கிளம்புவதற்கு முன் போன் செய்து, உள்ளே எதுவரை விடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் தடம் விட்டு இறங்க வேண்டாம்.

கூடாரம்? கிடையவே கிடையாது. நான் சொன்ன அதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரை ஏறுகின்றன. விளக்கும் கூச்சலும் இருந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். வேதாரண்யத்தில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் கிளம்புங்கள்.

அடிவாரத்தான்:

அம்மா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். சதுப்பின் ஓரமாகவே நடந்து முத்துப்பேட்டை வரை போய்விட முடியுமா? வரைபடத்தில் வெள்ளையாக, காய்ந்த தரை மாதிரிதான் தெரிகிறது. ஷூ பற்றியும் சொல்லவில்லையே.

அம்மாபேட்டை மருமகள்:

அந்த வெள்ளைதான் ஆளை ஏமாற்றுவது. உப்புப் பூத்துக் காய்ந்த தரையின் மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதன் அடியில் உளை. கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு, கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை இழுக்கும். காலைப் பிடுங்கினால் ஷூ உள்ளேயே தங்கிவிடும். உளையில் மாட்டினால் நிமிர்ந்து நின்று மல்லுக்கட்டக் கூடாது. உடம்பைச் சாய்த்து, பாரத்தைப் பரப்பி, வந்த வழியிலேயே பின்வாங்க வேண்டும். அந்த நாற்றம் கெடுதல் அல்ல. காற்றுப் புகாத சேற்றில் இலை தழை மட்கும்போது வருவது. அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சு வேர் நீட்டி நிற்பதும் இதனால்தான், அடியில் காற்று இல்லை. முத்துப்பேட்டைக்கு ரோட்டில் போய்ப் படகு ஏறுங்கள். சதுப்பு வழியாக என்ற பேச்சே வேண்டாம்.

ஷூவா? காட்டுக்குள் கட்டாயம் வேண்டும், அடிப்பாகம் தடித்ததாக. சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். கடற்கரையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் நடந்தால் கால் புதையாது, முழங்காலுக்கும் இதம். மேட்டு மணலில் நடந்தால் கெண்டைக்கால் கெஞ்சும்.

கன்னங்குறிச்சியான்:

நடந்தே போன சேலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், யாரும் சொல்லவில்லையே! ராஜாஜி சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், 1917-ல் நகராட்சித் தலைவரானவர். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு கிளம்பி, ஏப்ரல் 30-ல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்தார். சித்திரை வெயிலில், சாலை வழியாக! நினைவுத்தூண் அகஸ்தியம்பள்ளியில் இருக்கிறது, கோடியக்கரை போகிற வழிதான். நடக்கத் தெம்பில்லாதவர்களுக்கு 2023-லிருந்து திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயில் மறுபடி ஓடுகிறது. சேலத்திலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்ளலாம். வண்டிகள் குறைவு; நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தான்:

மூத்தவரிடம் படித்துக் காட்டினேன். ராஜாஜி பெயரைக் கேட்டதும் முழங்கால் வலியெல்லாம் காணோம். பிப்ரவரியில் கிளம்புகிறோம். குடிதண்ணீர் வழியில் கிடைக்குமா அம்மா?

அம்மாபேட்டை மருமகள்:

காட்டுக்குள் கிடைக்காது. மணல் மேட்டில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். எங்கள் ஊர்க் கிணறுகளுக்கு அதுதான் ஆதாரம். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பதால் கிணறெல்லாம் ஆழமில்லாமல்தான் இருக்கும். ஆனால் நீங்கள் போய்ச் சரணாலயத்தில் குழி தோண்டிக்கொண்டிருக்க முடியாது. ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்து போங்கள். கட்டுச்சோறு பையின் அடியில் இருக்கட்டும், வாழைப்பழம் கண்ணில் படவே கூடாது. கோடியக்கரைக் குரங்குகளுக்குப் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியும். பதினோரு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். திரும்பும்போது வேதாரண்யத்தில் மீன் குழம்புச் சாப்பாடு எங்கே என்று கேட்காதீர்கள், எங்கள் அண்ணி வீட்டைத்தான் சொல்லத் தோன்றும்.