தாண்டிக்குடியில் குடித்த வரக்காப்பி

மதுரையிலிருந்து:

போன ஏப்ரலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் கொடைக்கானல் போய் வந்தேன். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி வேறு. "பார்க்க வேண்டிய இடம் எல்லாம் வேண்டாம்டா, நல்ல சாப்பாடு, நல்ல காபி, பேச நாலு மனுஷங்க இருந்தா போதும்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். அதனால் வத்தலக்குண்டிலிருந்து நேரே மலை ஏறாமல் பட்டிவீரன்பட்டி, பெரும்பாறை வழியாகக் காபித் தோட்டங்கள் நிறைந்த மலைக்கிராமமான தாண்டிக்குடிக்குப் போனோம்.

பழனி மலைக் காபி கீழே இறங்கி வந்து சேரும் ஊர் பட்டிவீரன்பட்டி. அங்கே ஒரு கடையில் கண் முன்னாலேயே அரைத்துக் கொடுத்தார்கள். சிக்கரி எவ்வளவு என்று கேட்டதற்கு அம்மா, "வேண்டவே வேண்டாம்" என்றார். "அப்ப ஒரு கரண்டி தூள் கூடப் போடுங்கம்மா, இல்லைன்னா டிகாஷன் தண்ணியா இறங்கிரும்" என்றார் கடைக்காரர். சிக்கரி விற்றால் அவருக்கு லாபம்தான். ஆனாலும் அக்கறையாக இதைச் சொன்னார்.

தாண்டிக்குடியை நெருங்கும்போது காருக்குள் மல்லிகை வாசம். அம்மா தலையில் இருந்த மதுரை மல்லி என்றுதான் நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் காபிச் செடிகள் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்ததாம். கோடையில் பெய்யும் அந்த முதல் மழைக்குப் பூமழை என்று பெயர். அது விழுந்து ஒன்பது பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒன்றாகப் பூத்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். நாங்கள் எதுவும் திட்டமிடவில்லை, அந்த நாளில் போய் நின்றோம், அவ்வளவுதான்.

சாலையோரம் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "ஏம்மா வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். அவர் தோட்டத்துக் கொட்டை, இரும்புச் சட்டியில் அவரே வறுத்தது. கருப்பட்டி போட்டு வரக்காப்பி வைத்துக் கொடுத்தார். பால் இல்லாமல் காபியே குடிக்காத அம்மா இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்! "பூமழை பேஞ்சாதான் காய். விரிஞ்ச பூ மேல பேஞ்சா கொட்டிப் போயிரும்" என்றார் பாட்டி. நாம் சுற்றுலா வந்தால் மழை வேண்டாம் என்கிறோம், அவர்களுக்கு ஒரு வருஷத்துப் பாடு அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது.

காபிக்கு நிழலாக நின்ற மலைவாழையிலிருந்து இரண்டு பழம் பறித்துக் கொடுத்தார். விருப்பாட்சி என்ற ரகம். தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெட்டியாக இருக்கும், நீர்ச்சத்து குறைவு. பழனி பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கு இந்தப் பழமும் ஒரு காரணம். வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக அழிந்ததை அவர் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. காசு வாங்கவில்லை. அம்மா தலையிலிருந்த சரத்தில் பாதியை அறுத்துப் பாட்டியின் பேத்திக்கு வைத்துவிட்டார்.

அப்புறம் பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல். ஏரியைச் சுற்றி ஒரே ஹார்ன் சத்தம், பேசிய வாடகைக்கு மேல் கேட்ட ஒரு விடுதி. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு ரோடு பக்கம் சூடாகச் சாப்பிட்ட திபெத்திய மோமோ மட்டும் நன்றாக இருந்தது.

திண்டுக்கல்லிலிருந்து:

உங்கள் தாண்டிக்குடிப் பயணத்தைப் படித்ததும் கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறை நினைவு வந்தது. குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது, ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். உள்ளே அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கொத்துகள் தொங்கின. புகை படப்பட அடுத்த விதைப்பு வரை கெடாமல் இருக்கும் என்றார் அந்த வீட்டு அண்ணன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. "கீழ்ப் பூண்டு ரெண்டு போடுற இடத்துல இது ஒண்ணு போதும்" என்று சொல்லி, சோறும் பூண்டுக் குழம்பும் போட்டார் அந்த அக்கா. மழை விட்ட பிறகும் நாங்கள் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது.

மதுரையிலிருந்து:

பூண்டுக் குழம்பு சாப்பிடாமல் வந்துவிட்டோமே என்று அம்மாவுக்கு இப்போது வருத்தம். கொடைக்கானல் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். பட்டிவீரன்பட்டியில் வாங்கிய தூள் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. நவம்பரில் பழம் சிவக்கும், பறிக்கும்போது வாங்க என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அம்மா இப்போதே நாள் எண்ணுகிறார்.