மறு: ஃபார்மல் வெரிஃபிகேஷனுக்குத் தமிழில் என்ன வைக்கலாம்?

> “முறைசார் சரிபார்ப்பு” என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.
> மாடல் செக்கிங்குக்கு “மாதிரிச் சரிபார்ப்பு”.

அனைவருக்கும் வணக்கம்.

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் “சரிபார்ப்பு” என்றதும் மாணவர் மனத்தில் என்ன வரும்? ஆதார் சரிபார்ப்பு, சான்றிதழ் சரிபார்ப்பு, செல்பேசிக்கு வரும் ஓடிபி. மென்பொருளை ஓட்டிப் பார்த்துப் பிழை தேடும் டெஸ்டிங்கையும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நாம் பேசும் ஃபார்மல் வெரிஃபிகேஷனோ, அதாவது நிரலோ சில்லோ சரியானது என்று கணித வழியில் நிறுவும் துறையோ, டெஸ்டிங் எட்டாத இடத்தில் வேலை செய்வதற்கென்றே வந்தது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் முதல் வகுப்பிலேயே குழப்பம்தான்.

காலாப்பட்டுப் பக்கம் கல்லூரி மாணவர்களுக்கு இதைத் தமிழில் நடத்தப் பாடம் தயாரிக்கிறேன். இந்திரா காந்தி சிலைச் சந்திப்பை மனத்தில் வைத்து ஒரு சிறிய சிக்னல் நிரல் எழுதியிருக்கிறேன். (அங்கே உண்மையில் நிற்கும் சிக்னலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே மாட்டிக்கொண்டவர்கள் என்னைத் திட்ட வேண்டாம்.) நிபந்தனை ஒன்றுதான்: ஒன்றையொன்று வெட்டும் இரண்டு சாலைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழக்கூடாது. டெஸ்டிங் என்றால் நிரலை ஓட்டுவோம், பாதசாரி பொத்தானை அழுத்துவோம், நடுவில் மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்போம். நமக்குத் தோன்றியதை எல்லாம் செய்து பார்த்தோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் சொல்ல முடியாது. ஃபார்மல் வெரிஃபிகேஷனில் நிரலை ஓட்டுவதே இல்லை. அது எந்தெந்த நிலைக்குப் போகலாம் என்பதைக் கணித உருவில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். எந்த வழியில் போனாலும் இரட்டைப் பச்சை வராது என்று கணினி நிறுவுகிறது. வரும் என்றால், இந்தப் படி, அடுத்து இந்தப் படி என்று அது வரும் வழியைக் காட்டிவிடுகிறது.

எல்லாவற்றையும் ஓட்டியே பார்த்துவிடலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இரண்டு 32 பிட் எண்களை வாங்கும் ஒரு சின்ன சுற்றுக்கே உள்ளீடுகள் 2-இன் 64ஆம் அடுக்கு. நொடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும் 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 1994-இல் இன்டெலின் பென்டியம் சிக்கியது இங்கேதான். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382… வர வேண்டும், அந்தச் சில்லு 1.33373… என்றது. வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. வழக்கமான சோதனைகள் எதுவும் அந்த இடங்களைத் தொடவில்லை. கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி தன் ஆய்வுக் கணக்கு உதைப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். இன்டெல் இதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். சில்லுத் துறை இந்த முறையைத் தீவிரமாகப் பிடித்துக்கொண்டது இதற்கு அப்புறம்தான்.

“மாதிரிச் சரிபார்ப்பு” இன்னும் மோசம். நம் பேச்சில் மாதிரி என்றால் சாம்பிள். அரிசி மாதிரி, குடிநீர் மாதிரி, ரத்த மாதிரி. நாலை எடுத்துப் பார்ப்பது என்று பொருள்பட்டுவிடும். மாடல் செக்கிங் செய்வது அதற்கு நேர் எதிர்: நிரல் போகக்கூடிய நிலைகளில் ஒன்றைக்கூட விடாமல் தேடுவது. எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும் 1981-இல் அமெரிக்காவில் இதைத் தொடங்கினார்கள். அதே காலத்தில் பிரான்சின் கிரெனோபிளில் கெய்யும் ஜோசப் சிஃபாகிஸும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2007-க்குக் கிடைத்தது. “நிலைவெளித் தேடல்” என்பது என் முன்மொழிவு. மாடல் என்ற சொல் இதில் இல்லை, தெரிந்தேதான் விட்டேன். நடப்பது என்ன என்று பெயரிலேயே தெரிந்தால் போதும்.

அடுத்து “முறைசார்”. முறைசாராக் கல்வி என்று ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், முறைசார் என்றால் பள்ளிக்கூடம், பதிவேடு, அரசாணை வாடைதான் அடிக்கிறது. இங்கே ஃபார்மல் என்பது கூற்றின் பொருளைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் வைத்து விதிப்படி முடிவுக்கு வருவது. பிரெஞ்சிலும் ‘ஃபொர்மெல்’தான். நம் ஊர்ப் பிரெஞ்சுக்காரப் பெரியவர்கள் “ழெ சுய் ஃபொர்மெல்” என்றால் “அடித்துச் சொல்கிறேன்” என்று அர்த்தம். பாதிக்குப் பாதி நம் பொருளுக்கு வந்துவிட்டார்கள்!

சரி, பெயர்ச்சொல் எது? பத்தாம் வகுப்புக் கணக்கில் “என நிறுவுக” என்று படித்திருப்பதால் “நிறுவல்” முதலில் பிடித்திருந்தது. ஆனால் கணினித் தமிழில் நிறுவல் என்றால் இன்ஸ்டால். “மென்பொருள் நிறுவல்” என்று பாடத்துக்குத் தலைப்பு வைத்தால் சிடியோடு வந்து நிற்பார்கள். “மெய்ப்பு” அச்சகத்துக்காரர்களுடையது, மெய்ப்புத் திருத்துவது. “மெய்ப்பாடு” தொல்காப்பியத்தில் போய்விட்டது. மிச்சம் இருப்பது “மெய்ப்பித்தல்”. கொஞ்சம் நீளம், ஆனால் வேறு யாரும் உரிமை கொண்டாடவில்லை. முன்னொட்டோடு சேர்த்து “ஏரண மெய்ப்பித்தல்” என்று முன்வைக்கிறேன். ஏரணம் என்றால் லாஜிக். அதற்கே உள்ள மற்ற சொற்களில், தர்க்கம் என்றால் வாய்ச்சண்டை ஆகிவிட்டது, அளவை என்றால் படி, மரக்கால் நினைவுக்கு வருகிறது. அதனால் ஏரணம்.

கருத்துகளைச் சொல்லுங்கள்.

— லாஸ்பேட்டையிலிருந்து

------

> அளவை என்றால் படி, மரக்கால் நினைவுக்கு வருகிறது.

அன்புள்ள தம்பி,

கடலூரிலிருந்து எழுதுகிறேன். கணினி எனக்குத் தெரியாது, தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அளவையை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைகள் வரிசையாக வருகின்றன. 29ஆம் காதையில் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளையே பிரித்துக் காட்டியிருக்கிறது. சைவ நூல்களில் காண்டல் (நேரில் கண்டறிவது), கருதல் (காரணத்தைக் கொண்டு உய்த்தறிவது), உரை (நூல் வாக்கு) என்ற மூன்றும் தலையாய அளவைகள். உங்கள் டெஸ்டிங் காண்டல். நீங்கள் இப்போது பெயர் தேடுவது கருதல். இந்த வேறுபாட்டுக்கு நம்மிடம் பழைய சொற்களே உண்டு.

ஏரணத்தைக் கேட்டால் பையன்கள் “ஏணியா ஐயா?” என்பார்கள்.

அதைவிட எனக்குள்ள ஐயம் “மெய்” மீதுதான். மெய்ப்பித்தல் என்றால் மெய்யாகவே ஆக்கிவிடுவது. உங்கள் கணினி அவ்வளவு உறுதி தருகிறதா? பிறகு ஒரு விபத்து நடந்தால் சொல் பொய்யாகிவிடாதா?

------

> நீங்கள் இப்போது பெயர் தேடுவது கருதல்.

ஐயாவுக்கு வணக்கம். நான் சில்லு வடிவமைப்பில் இருக்கிறேன், சொந்த ஊர் முத்தியால்பேட்டை. எங்கள் ஆபீஸில் முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. “இந்த பிளாக்குக்கு ஃபார்மல் போட்டாச்சா?”, “ப்ரூஃப் ஆகலை”, “கவுண்டர் எக்சாம்பிள் வந்திருக்கு”, அவ்வளவுதான். கவுண்டர் எக்சாம்பிளுக்கு, அதாவது பிழை வரும் வழியைக் கருவி காட்டுவதற்கு, “எதிர்க்காட்டு” என்று வைத்தால் உடனே ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

பட்டியலில் இரண்டு விடுபட்டிருக்கின்றன. ஒன்று, ஈக்விவலன்ஸ் செக்கிங்: வடிவமைப்பாளர் எழுதிய ஆர்டிஎல்லும் (சில்லு என்ன செய்ய வேண்டும் என்று விவரிக்கும் நிரல்), கருவி அதிலிருந்து உருவாக்கிய கேட் வலையும் (அடிப்படைச் சுற்றுகளின் இணைப்பு) ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா என்று பார்ப்பது. அன்றாடம் அதிகம் ஓடுவது இதுதான். இரண்டாவது, பவுண்டட் மாடல் செக்கிங். 40 கிளாக் சுற்று (சில்லின் கடிகாரத் துடிப்பு) வரைக்கும் பிழை இல்லை என்று கருவி சொல்லும், 41-ஐப் பற்றி ஒன்றும் சொல்லாது. இதையும் மெய்ப்பித்தல் என்பீர்களா? மேனேஜர்கள் சிலர் முழு ப்ரூஃபையும் இதையும் ஒரே பச்சை டிக்கில் போட்டுவிடுவார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

------

இருவருக்கும் நன்றி.

ஐயா, “மெய்” பற்றிய உங்கள் ஐயம் இந்தத் துறைக்காரர்களுக்கே உள்ள ஐயம். கணினி மெய்ப்பிப்பது நாம் எழுதிக் கொடுத்த விவரக்குறிப்பை, அதாவது நிரல் எப்படி நடக்க வேண்டும் என்ற நிபந்தனையை, மட்டும்தான். என் சிக்னல் நிரலையே பாருங்கள்: எல்லாச் சாலைக்கும் எப்போதும் சிவப்பு என்று எழுதினால் “இரட்டைப் பச்சை வராது” என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிடும். கருவி சந்தோஷமாகச் சரி என்று சொல்லும், ஒரு வண்டியும் நகராது. கேட்டது தப்பு, பதில் சரி. 2009-இல் ஆஸ்திரேலியாவில் எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவை, சுமார் 8,700 வரி சி நிரலை, ஐசபெல் என்ற கருவியைக் கொண்டு மெய்ப்பித்தார்கள். அதைப் பற்றிய கட்டுரையிலேயே, கம்பைலரும் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) வன்பொருளும் சரியாக இருக்கின்றன என்பது எங்கள் எடுகோள் என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். எடுகோளும் விவரக்குறிப்பும் இல்லாமல் இந்தத் துறையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. பள்ளிக் கணக்கிலும் தேற்றத்துக்கு முன்னால் “கொடுக்கப்பட்டவை” என்று எழுதுவோமே. அதனால் மெய்ப்பித்தல் இருக்கட்டும். பாடத்தில் “எதை, எந்த எடுகோளில்” என்று சொல்லாமல் அந்தச் சொல்லைத் தனியாகப் பயன்படுத்த மாட்டேன்.

ஏணிக்கு என்னிடம் பதில் இல்லை. “கருதல்” அழகாக இருக்கிறது, ஆனால் இன்று கருதுகிறேன் என்றால் நினைக்கிறேன் என்று ஆகிவிட்டது. அடித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அது நிற்காது. “அளவைவழி மெய்ப்பித்தல்” என்று வைக்கட்டுமா? ‘வழி’ சேர்ந்ததும் மரக்கால் மறைந்துவிடுகிறது, மணிமேகலையும் உள்ளே வந்துவிடுகிறது. ஏரணத்தைக் கைவிடுகிறேன்.

முத்தியால்பேட்டை நண்பருக்கு: எதிர்க்காட்டு அப்படியே ஏற்பு. ஈக்விவலன்ஸ் செக்கிங்குக்கு “நிகர்மை மெய்ப்பித்தல்”. 40 சுற்றோடு நிற்பதை மெய்ப்பித்தல் என்று எழுதக்கூடாது, “எல்லைக்குட்பட்ட தேடல்” என்றே எழுதுவோம். பிழை பிடிப்பதில் அது கெட்டி, அந்த மதிப்பு போதும். மேனேஜர்களின் பச்சை டிக்கை நம் குழுவால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னும் ஒரு ஜோடி பாக்கி. கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1977-இல் பிரித்துக் காட்டிய சேஃப்டி, லைவ்னஸ். கெட்டது ஒருபோதும் நடக்காது என்பது முதலாவது, நல்லது என்றைக்காவது நடந்தே தீரும் என்பது இரண்டாவது. என் சிக்னலுக்கு இரண்டும் வேண்டும்: இரட்டைப் பச்சை வராது, காத்திருக்கும் எந்தச் சாலைக்கும் பச்சை வந்தே தீரும். சேஃப்டிக்குப் “பாதுகாப்பு” போட முடியாது, செக்யூரிட்டி அதை எடுத்துக்கொண்டுவிட்டது. “நேராமைப் பண்பு”, “நேர்ந்தே தீரும் பண்பு” என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது எனக்கே நீளமாகப் படுகிறது. ஐயா, ஒரே சொல்லில் ஏதாவது தோன்றுகிறதா?

— லாஸ்பேட்டையிலிருந்து