'செட்' எல்லாம் ஒரே சொல்தானா?

கேள்வி:
சமையல் குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். டைமரை செட் செய்கிறோம், ஜெல்லி செட் ஆகிறது, ஜன்னலுக்கு வெளியே சூரியனும் செட் ஆகிறது! வை, உறை, மறை என்று மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துவிட்டது. எல்லாம் ஒன்றேதானா?

பதில் 1:
வினை ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்', அதாவது உட்காரவை. சிட், செட் இரண்டும் நம் அமர், அமர்த்து மாதிரி. ஃபால், ஃபெல்லும் அப்படியே: மரம் விழும், கோடரி வீழ்த்தும். 1989 ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் மிக நீண்ட பதிவே செட்தான், பாவம் நீங்கள்.

பதில் 2:
பாத்திர செட் மட்டும் வேறு. லத்தீன் 'செக்டா', அதாவது பின்பற்றும் கூட்டம், பிரெஞ்சு வழியாக வந்தது.

கேட்டவர்:
சரி, ஜெல்லி உறையட்டும். அடுத்த வரியில் 'டின்னர் செட்' நிற்கிறது.