வளிவாய் மூடியும் வளிவாய்க் குடையும்: ஒரு முன்மொழிவு

மதிப்புக்குரிய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மனையூர்தி, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வாகனம், அதன் கூரையிலுள்ள காற்றுத் திறப்பைப் பற்றிய மடலில், ‘வென்ட் கவர்’ என்பதற்கு நண்பர் ஒருவர் முன்வைத்த ‘காற்றுத்துளை உறை’ என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆங்கிலத்தார் ‘கவர்’ என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைச் சுட்டுகின்றனர்; ‘உறை’ என்றால் அந்தக் குழப்பம் நம்மிடமும் வந்துவிடும்.

முதலாவது, கீலில் ஏறி இறங்கும் பிளாஸ்டிக் மூடி. 14 அங்குலச் சதுரத் திறப்பே பரவலாக உள்ளது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு வலுவிழந்து வெடிப்பது இதுதான். அளவு ஒன்றாக இருந்தாலும் கீலின் அமைப்பு உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடுவதால், பழைய கீலைப் பார்க்காமல் புதிய மூடி வாங்கக் கூடாது. மற்றையது, அம்மூடிக்கு மேலே, திறப்பின் விளிம்புச் சட்டத்தில் தாங்கிகளால் பொருத்தப்பட்டு, காற்றுப் போவதற்கான சாய்வுப் பட்டிகள் வாகனத்தின் பின்புறம் நோக்கியிருக்கும் கூடு. மழை பெய்யும்போதும் கீழுள்ள மூடியைத் திறந்து வைக்க இது இடம்தருகிறது.

பொத்துவிலில் ஒரு கராஜுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் ‘உறையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தவும்’ என்றிருந்தது. வேலை செய்த தம்பி நல்ல நிலையிலிருந்த மேற்கூட்டை மாற்றிவிட்டார். கார்த்திகை மாரியில் வாடைக் காற்றோடு வந்த சாரல் பட்டிகளின் வழியே புகுந்து, மூடியின் வெடிப்பினூடாக இறங்கிப் படுக்கையை நனைத்தது. தவறு என் சொல்லில் இருந்தது.

‘துளை’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. கூரையில் துளை என்றால் ஒழுக்கு என்றே எங்கள் பக்கத்தில் எவரும் எண்ணுவர். மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரமோ கோடையில் மணல் மேடிட்டு அடைபட்டு, மாரி வெள்ளத்தில் திறக்கிறது. மூடுவதும் திறப்பதும் இயல்பாக அமைந்த இத்தகைய இடத்துக்கு ‘வாய்’ என்பதே தகும். இலங்கைப் பாடநூல்களில் ‘வளி’ பழகிய சொல்லாதலால் ‘வளிவாய்’ என்கிறேன். சிலப்பதிகாரத்தில் வரும் ‘காலதர்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆயினும் அது சாளரத்தைக் குறிக்கிறது, இந்த வாகனங்களுக்குப் பக்கச் சாளரங்களும் உண்டு.

ஆகவே கீழுள்ளது ‘வளிவாய் மூடி’, மேலுள்ளது ‘வளிவாய்க் குடை’. குடை, தன் கீழ் நிற்பவரை அடைத்து வைப்பதில்லை. மழையைத் தடுத்துக் காற்றைப் போக விடுகிறது. அந்தக் கூட்டின் வேலையும் அதுவே. குடையைக் குறிக்கும் பழஞ்சொல்லான ‘கவிகை’ என்றால் இலக்கிய நயம் கூடும். ஆனால் ஏணியில் நிற்பவருக்கு முதல் கேட்பிலேயே விளங்குவது குடைதான்.

நீர் கசியாதிருக்க விளிம்புச் சட்டத்தின் அடியில் இடும் பியூட்டில் என்னும் ரப்பர் வகை ஒட்டு நாடாவுக்கும், திருகாணித் தலைகளின் மேல் ஊற்றினால் தானாகப் பரவி மட்டமாகும் பசைக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும். இரண்டையும் ‘சீலர்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். ‘அடிநாடா’, ‘பரவுபசை’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவதில் எனக்கு நிறைவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து