எக்டோயினின் இனத்துக்குத் தமிழில் என்ன பெயர்? ‘ஊறிலாக் கரையம்’ சரிவருமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

தோல் மருத்துவர் ஒருவர் தம்மிடம் வருவோருக்குக் கொடுப்பதற்காக எழுதிய சிறு குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சோப்பு, வெயில், ஏசி காற்று என்று எதுவுமே ஒத்துக்கொள்ளாத தோலுக்கும், கரப்பான் வந்து நொந்துபோன தோலுக்கும் பூசும் களிம்புகளைப் பற்றியது. அதில் எக்டோயின் என்ற பொருள் பல இடங்களில் வருகிறது. எக்டோயினை எக்டோயின் என்றே எழுதிவிடலாம். அது எந்த இனத்தைச் சேர்ந்ததோ அந்த இனத்துக்குத்தான் பெயர் தேடுகிறேன். ஆங்கிலத்தில் ‘கம்பேட்டிபிள் சொல்யூட்’ என்பார்கள்.

யாருக்காக இந்தச் சொல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகளுக்கு ஆறு வயது. முழங்கை மடிப்பில் கரப்பான். ராத்திரி தூக்கத்தில் சொறிந்து ரத்தம் வந்துவிடுகிறது என்று அக்கா அவள் கைகளில் பழைய காலுறையை மாட்டிப் படுக்க வைப்பாள். மருத்துவர் எழுதித் தந்த களிம்பின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்னடா, பிள்ளைக்குப் போடலாமா?” என்று கேட்டாள். அவள் படித்தால் புரிய வேண்டும்.

சரி, பொருளுக்கு வருகிறேன். மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் துண்டுகள் சுருங்கி நீர் விட்டிருக்கும். உப்பு ஏரியில் வாழும் பாக்டீரியாவுக்கும் அதே கதி வர வேண்டும். ஆனால் வருவதில்லை. எகிப்தின் வாதி நத்ரூன் பள்ளத்தாக்கில் இருக்கும் காரத்தன்மை மிகுந்த உப்பு ஏரிகளின் பாக்டீரியா ஒன்றில், அது ஏன் என்பதற்கான விடையாக 1985-இல் கலின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்ததுதான் எக்டோயின். எக்டோதயோரோடோஸ்பைரா என்ற அந்த பாக்டீரியாவின் பெயரிலிருந்து வந்த பெயர் அது.

உப்பில் வாழ்வதற்கு நுண்ணுயிர்களிடம் இரண்டு வழிகள் உண்டு. உப்பளப் பாத்தியில் உப்பு விளையும் சமயத்தில் நீர் இளஞ்சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்குக் காரணமான உயிர்களில் பல, உப்பையே உள்ளே ஏற்றிக்கொள்கின்றன. அதைத் தாங்கும்படி அவற்றின் புரதங்களே வேறு மாதிரி அமைந்திருக்கின்றன. எக்டோயின்காரர்கள் உப்பை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே எக்டோயினைச் சேர்த்து நீரைத் தக்கவைக்கிறார்கள். மிகுதியாகச் சேர்த்தாலும் புரதத்தின் வேலை கெடுவதில்லை. இப்படிப்பட்ட பொருள்களைத்தான் ‘கம்பேட்டிபிள் சொல்யூட்’ என்கிறார்கள். இங்கேதான் சொல்லுக்கான சாவி இருக்கிறது: எக்டோயின் புரதத்தோடு ஒட்டுவதில்லை. அதன் மேற்பரப்பை விட்டு ஒதுங்கி நிற்கிறது. அதனால் புரதத்தைச் சுற்றி நீர் கலையாமல் இருக்கிறது, புரதமும் தன் மடிப்புக் குலையாமல் இருக்கிறது.

குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். ‘சருமக் கவசம்’ வேண்டாம் என்பேன். கவசம் என்றால் மேலே போர்த்துவது. வாஸலினுக்கு வேண்டுமானால் பொருந்தும். அதோடு, கவசம் என்று படித்த ஒரு தாய், மருத்துவர் தந்த மற்ற மருந்தை நிறுத்திவிடக்கூடும். எக்டோயின் களிம்பு வறட்சியையும் அரிப்பையும் தணிக்கத் துணை செய்யும். கரப்பானைப் போக்கிவிடும் என்ற எண்ணத்தைப் பெயரே உண்டாக்கக் கூடாது. ‘ஈரங்காப்பான்’ நல்ல சொல்தான், ஆனால் அதற்குள் கிளிசரினிலிருந்து தேங்காய் எண்ணெய் வரை எல்லாம் அடங்கிவிடும். ‘இணக்கக் கரைபொருள்’ ஆங்கிலத்துக்கு நேர். எதற்கு இணக்கம் என்று தமிழில் படிப்பவருக்குத் தெரியாது.

என் பரிந்துரை ‘ஊறிலி’. ஊறு என்றால் தீங்கு. பழந்தமிழில் ஊறு என்றால் தொடுவுணர்வும்கூட. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்பதுதானே ஐம்புலன் வரிசை. புரதத்தைத் தொடுவதும் இல்லை, அதற்குத் தீங்கு செய்வதும் இல்லை. ஒரே சொல்லில் இரண்டும் வந்துவிடுகிறது. முதுகெலும்பிலி பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் ‘இலி’யும் புதிதில்லை. இது தோன்றிய அன்று எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

* * *

> ஊறிலி என்றதும் எனக்கு ஊறவைப்பதுதான் நினைவுக்கு வந்தது. களிம்புக் குறிப்பில் போட்டால் ‘தோலில் ஊறாதது’ என்றுதான் மக்கள் படிப்பார்கள். ‘தீண்டாக் கரையம்’ என்றால் நேராக விளங்குமே, ஐயா?

ஊறவைப்பது பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன், அவளும் “ஊறாதா? அப்புறம் எதுக்குத் தடவணும்?” என்றுதான் கேட்டாள். ஊறிலியைத் தனியே நிறுத்துவதைக் கைவிடுகிறேன்.

ஆனால் ‘தீண்டா’ என்பதை நான் எழுத மாட்டேன். அந்தச் சொல் இந்த மண்ணில் மனிதர்கள் மேல் எறியப்பட்ட சொல். ஒரு குழந்தையின் தோலுக்குப் பூசும் மருந்தின் பக்கத்தில் அது வரவே கூடாது. தவறாக எண்ண வேண்டாம். நீங்கள் பொருள் தெளிவுக்காகத்தான் சொன்னீர்கள் என்று தெரியும்.

உங்கள் கடிதத்திலிருந்து ‘கரையம்’ என்பதை எடுத்துக்கொள்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல் அது. தமிழ்நாட்டில் நாம் எழுதும் கரைபொருளைவிடச் சின்னது, கரைப்பான், கரைசல் இரண்டோடும் இழைகிறது. ‘ஊறிலாக் கரையம்’ என்று சேர்த்துச் சொன்னால் ஊறவைக்கும் நினைவு பெரும்பாலும் விலகிவிடுகிறது. கிளைசின் பீட்டெயின், ட்ரெஹலோஸ், புரோலின் என்று அந்த இனத்தில் உள்ள மற்றவற்றுக்கும் பொருந்தும். நம் தோலின் உயிரணுக்களே பீட்டெயினையும் டாரினையும் இதே வேலைக்குச் சேர்த்து வைக்கின்றன என்பதால், தோல் பற்றிய குறிப்பில் இனப்பெயர் இருப்பது அவசியம்.

இன்னொரு சொல்லில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எக்டோயின் தயாரிக்க ஹலோமோனாஸ் என்ற பாக்டீரியாவை 10% உப்புநீரில் வளர்த்து, பிறகு 3% உப்புநீருக்கு மாற்றுவார்கள். உப்பு குறைந்ததும் அது எக்டோயினை வெளியே விட்டுவிடும், சாகாது. மறுபடி உப்பில் விட்டால் மறுபடி சுரக்கும். தமிழில் இதற்குக் ‘கறத்தல்’ என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: “எக்டோயின், உப்பில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து கறந்தெடுக்கும் ஊறிலாக் கரையம். தோலின் உயிரணுக்களைச் சுற்றியுள்ள நீரைக் கலையவிடாமல் வைத்து, வறட்சியையும் அரிப்பையும் குறைக்க உதவும். மருத்துவர் தந்த மற்ற மருந்துகளை நிறுத்த வேண்டாம்.” வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிட நல்ல சொல் யாருக்காவது கிடைத்தால் உடனே எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.